வன்னிக் காய்ச்சலும் செங்குழியத்தின் சட்டகமும்

வன்னிப் பெருநிலத்தின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் வன்னியர் ஆட்சியைப் பற்றி விரிவாக எழுதினர். குளங்களையும் வாய்க்கால்களையும் பற்றி எழுதினர். ஐரோப்பியர் காலத்தில் நிலவுரிமை அடைந்த மாற்றங்களைப் பற்றியும் எழுதினர். காய்ச்சலுக்கு அவர்கள் ஒதுக்கிய இடம் பெரும்பாலும் ஓர் அடைமொழி அளவினதே. 'காய்ச்சல் மிகுந்த காட்டுப்பிரதேசம்' என்று ஒருமுறை கூறிவிட்டு அடுத்த பொருளுக்குச் சென்றுவிடுவது வழக்கமாயிற்று. 1803 ஆம் ஆண்டிற் பண்டாரவன்னியன் கற்சிலைமடுவில் தோல்வியுற்ற பின்னர் இந்நிலம் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக ஏன் ஆளருகிக் கிடந்தது, குடியேற வந்தவர் ஏன் சில ஆண்டுகளில் திரும்பிச் சென்றனர் என்னும் வினாக்களுக்கு வாளையும் வரியையும் மட்டும் கொண்டு விடைகூற முடியாது. 1895 இல் வெளிவந்த ஜே. பி. லூயிஸின் வன்னி மாவட்டக் கைநூல், காய்ச்சலையும் பறங்கி நோயையும் கிராமங்களின் தேய்வோடு சேர்த்தே பேசுகின்றது. நிருவாக உத்தியோகத்தராகிய அவர் கண்ட தொடர்பைப் பின்வந்த வரலாற்றாசிரியர்கள் போதியளவு தொடர்ந்து சென்றாரல்லர்.

கிளிநொச்சிக்கு மேற்கே, அக்கராயன்குளத்தை அண்டி ஸ்கந்தபுரம் என்னும் கிராமம் உள்ளது. வயலும் மேட்டுநிலமும் காட்டு விளிம்பும் கலந்த இக்கிராமம், வன்னியின் குடியேற்ற வரலாற்றை ஒரு சிறு பரப்பிற் காட்டவல்லது. அது எழுந்ததும், நிலைத்ததும், இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் இடம்பெயர்ந்த மக்களால் நிரம்பி வழிந்ததும் ஒரே நோயின் ஏற்றவிறக்கங்களோடு பிணைந்தவை. அந்நோய் தன் வேலையைச் செய்யும் களம் மனிதனின் செங்குழியம். அச்செங்குழியத்தின் மென்சவ்வை உள்ளிருந்து தாங்கும் புரதம் ஒன்றின் வரலாற்றை அறியாமல், வன்னிக் காய்ச்சல் பற்றி ஒரு நூற்றாண்டாகத் திரட்டப்பட்ட தரவுகளின் பொருளை முழுமையாக விளங்கிக்கொள்ள இயலாது. வரலாற்று மாணவருக்கு இக்கூற்று சற்று விந்தையாகத் தோன்றலாம். ஆயினும் அத்தரவுகள் எவ்வாறு திரட்டப்பட்டன என்பதை நோக்கினால் விந்தை நீங்கும்.

குடியேற்ற நாட்டு மருத்துவர்கள் ஓர் ஊரின் மலேரியாவை அளந்த கருவி மண்ணீரல். இம்முறை இலங்கையில் தோன்றியதன்று. வட இந்தியாவில் மேற்கு யமுனைக் கால்வாயை அண்டிய கர்னால் பகுதியிற் காய்ச்சல் பெருகியபோது, நீர்ப்பாசனத்துக்கும் நோய்க்கும் உள்ள உறவை ஆராய 1845 இல் ஒரு குழு அமைக்கப்பட்டது. அக்குழுவிலிருந்த மருத்துவர் டெம்ஸ்ரர், காய்ச்சல் வந்ததா என்று மக்களைக் கேட்டு அறிவதை நம்பவில்லை. அவர் ஊர்தோறும் சென்று வயிற்றின் இடப்புறத்தைக் கையால் அழுத்திப் பார்த்து, மண்ணீரல் வீங்கியவர் நூற்றுக்கு எத்தனை பேர் என்று கணக்கிட்டார். 1847 இல் அக்குழு அளித்த அறிக்கையிலிருந்து மண்ணீரல் விகிதம் என்னும் அளவை பிறந்தது. ஒட்டுண்ணியையோ நுளம்பின் பங்கையோ எவரும் அறிந்திராத காலம் அது. அல்போன்ஸ் லவரான் மலேரியா ஒட்டுண்ணியைச் செங்குழியத்திற் கண்டது 1880 இல். ரொனால்ட் றொஸ் அதனை நுளம்பின் வயிற்றிற் கண்டது 1897 இல். காரணம் தெரியுமுன்பே அளவுகோல் கிடைத்துவிட்டமை அறிவியல் வரலாற்றில் அடிக்கடி நிகழ்வதுதான்.

அந்த அளவுகோலே இலங்கைக்கும் வந்தது. பாடசாலைப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி வயிற்றைத் தொட்டுப் பார்க்கும் ஆய்வுகள் உலர்வலயமெங்கும் நடைபெற்றன. வன்னிப் பிள்ளைகளின் பருத்த வயிறும் மெலிந்த கைகால்களும் வெளிறிய கண்ணிமையும் அக்காலப் பதிவுகளில் மீண்டும் மீண்டும் வருகின்றன. தாய்மார் 'கட்டி' என்று அஞ்சியதை மருத்துவர் விரல் அகலத்தால் அளந்து எண்ணாக எழுதினர். ஆனால் மண்ணீரல் ஏன் வீங்குகின்றது என்னும் வினா அந்த எண்களுக்குள் விடைகாணப்படாமலே கிடந்தது.

அவ்விடையை அறிய மண்ணீரலின் தொழிலைச் சிறிது நோக்குதல் வேண்டும். மனிதச் செங்குழியம் ஏறத்தாழ 8 மைக்ரோன் விட்டமுடைய தட்டு. இருபுறமும் நடுவே குழிந்தது. மயிர்த்துளைக் குழாய்களிற் பல அதனிலும் ஒடுங்கியவை. மண்ணீரலிலோ குருதி ஏறக்குறைய ஒரு மைக்ரோன் அகலமேயுள்ள பிளவுகளினூடாகப் புகுந்து வெளிவர வேண்டும். 120 நாள் வாழ்நாளிற் செங்குழியம் இத்தகைய இடுக்குகளை எண்ணற்ற தடவை கடக்கின்றது. ஒவ்வொரு தடவையும் நீண்டு, மடிந்து, நெளிந்து, பின் பழைய வடிவத்தை அடைகின்றது. நெளிய முடியாத குழியம் பிளவின் வாயிலிற் சிக்குண்டு, அங்கு காத்திருக்கும் விழுங்கு கலங்களுக்கு இரையாகின்றது. எனவே மண்ணீரல் என்பது குருதியின் நெகிழ்ச்சியைச் சோதிக்கும் ஓர் அரிதட்டு. விறைத்த குழியங்கள் பெருந்தொகையாக வந்து குவியுமாயின் அரிதட்டு தானே பருத்துவிடும். இவ்வாறு பார்க்கும்போது, வன்னிப் பிள்ளைகளின் வயிற்றில் மருத்துவர் அளந்தது செங்குழியங்களின் நெகிழ்ச்சிக் குறைவையே என்பது தெளிவாகும். அவர்கள் அதனை அறிந்திருக்கவில்லை. அறியும் வழியும் அன்று இருக்கவில்லை.

செங்குழியம் நெளியும் இயல்புடையது என்பது மிகப் பழைய அவதானம். பதினேழாம் நூற்றாண்டில் ஒல்லாந்து வணிகராகிய லீவன்ஹூக், தாம் தேய்த்துச் செய்த வில்லையினூடாக அதனைக் கண்டார். ஆனால் நெளிவுக்குக் காரணமான அமைப்பு எது என்பது ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் மறைந்தே இருந்தது. 1925 இல் லெய்டன் நகரில் கோர்ட்டர், கிரெண்டல் என்னும் இருவர் செங்குழிய மென்சவ்விலிருந்து இலிப்பிட்டைப் பிரித்தெடுத்து, அது மென்சவ்வின் பரப்பை இருமுறை மூடப் போதுமானது என்று காட்டினர். மென்சவ்வு இலிப்பிட்டின் ஈரடுக்கு என்னும் கருத்து இதிலிருந்து வலுப்பெற்றது. எனினும் ஈரடுக்கு இலிப்பிட்டு எண்ணெய்ப் படலம் போன்றது. இழுத்தால் நீண்டு மீளும் தன்மை அதற்குத் தானாக வாராது. சிறு விசைக்கும் துண்டு துண்டாகப் பிரிந்துவிடும். ஆகவே அதன் அடியில் வேறொன்று இருத்தல் வேண்டும் என்ற ஐயம் நிலவிற்று.

செங்குழியத்தைச் செறிவு குறைந்த உப்புநீரில் இட்டால் அது பருத்து, ஈமோகுளோபினை வெளியே விட்டுவிடும். எஞ்சுவது வெறும் உறை. நுணுக்குக்காட்டியில் மங்கலாக, உருவம் உண்டோ இல்லையோ என்னும்படி தெரியும் அவ்வுறைக்கு ஆய்வாளர் 'பேய்' என்றே பெயரிட்டிருந்தனர். 1968 இல் ஐக்கிய அமெரிக்காவில் வின்சன்ற் மார்க்கேசி, எட்வேர்ட் ஸ்ரியர்ஸ் என்னும் இருவர் இந்த உறைகளிலிருந்து ஒரு புரதத்தைத் தனியே கரைத்துப் பிரித்தெடுத்து வெளியிட்டனர். பேயிலிருந்து கிடைத்த புரதமாதலின், ஆவியுருவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் அடியாக அதனை ஸ்பெக்ட்ரின் என்று அழைத்தனர். தமிழிற் கலைச்சொல் ஆக்குவோர் இதனைப் 'பேய்ப்புரதம்' என்று பெயர்த்திருப்பின் மாணவர் மறந்திருக்கமாட்டார். ஆனால் உடலின் மிக உறுதியான தாங்கமைப்புகளுள் ஒன்றுக்குப் பேயின் பெயர் இட்டமை பொருத்தமுடையதென்று கூறுவதற்கில்லை.

பின்வந்த பதினைந்தாண்டுகள் இத்துறையின் செழிப்பான காலம். 1971 இல் பெயர்பாங்ஸ், ஸ்ரெக், வலாக் ஆகியோர் மென்சவ்வுப் புரதங்களை மின்புலத்திற் கூழ்மத்தினூடு ஓடவிட்டு, பருமன் வரிசையிற் பட்டைகளாகப் பிரித்து எண்ணிட்டனர். மேலேயுள்ள முதலிரு பட்டைகளும் ஸ்பெக்ட்ரினின் இரு சங்கிலிகள். மூன்றாம் பட்டை மென்சவ்வை ஊடறுத்து நிற்கும் பெரும் புரதம். எண்ணே பெயராகி அது இன்றும் 'மூன்றாம் பட்டை' என்றே வழங்குகின்றது. 1973 இல் இலிப்பிட்டைச் சோப்புப் போன்ற பொருளாற் கரைத்து நீக்கிய பின்னரும் செங்குழியத்தின் வடிவம் ஒரு வலைக்கூடாக எஞ்சி நிற்பது காட்டப்பட்டது. இதுவே தீர்க்கமான சான்று எனலாம். மண் அப்பிய வீட்டில் மண்ணெல்லாம் கரைந்துபோன பின்பும் வரிச்சு நின்றதைக் கண்டவர்க்கு வீட்டின் உறுதி எங்கிருந்தது என்பதை எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1979 இல் இலத்திரன் நுணுக்குக்காட்டியில் ஸ்பெக்ட்ரின் மூலக்கூறு நேரிற் காணப்பட்டது. இரு சங்கிலிகள் ஒன்றையொன்று தழுவி, ஏறத்தாழ 100 நனோமீற்றர் நீளமுடைய துவளும் இழையாய் இருந்தன. அத்தகைய இரண்டு தலையோடு தலை பொருந்தி 200 நனோமீற்றர் நீளமான நான்மடியாகும். அதே காலத்தில் வான் பெனற், இவ்வலையை மூன்றாம் பட்டையோடு பிணைக்கும் அங்கிரின் என்னும் நங்கூரப் புரதத்தை இனங்கண்டார். 1984 இல் ஸ்பெய்ச்சரும் மார்க்கேசியும் ஸ்பெக்ட்ரின் சங்கிலி 106 அமினோவமிலங்கள் கொண்ட அலகு ஒன்று திரும்பத் திரும்ப வருவதால் ஆனது என்று காட்டினர். ஒவ்வோர் அலகும் சுருண்டு கிடப்பது. இழுப்பு மிகுங்கால் நெகிழ்ந்து இடங்கொடுப்பது.

வரிச்சு உவமை ஓரளவுக்கே பொருந்தும். வரிச்சு விறைத்து நிற்பது; ஸ்பெக்ட்ரின் வலையோ விரிந்து சுருங்குவது. வீச்சுவலையே அதற்கு இன்னும் நெருங்கிய உவமை. வலையின் நூல் ஸ்பெக்ட்ரின் நான்மடி. முடிச்சு இருக்கும் இடத்தில் அக்டின் என்னும் புரதத்தின் குறுந்துண்டும், 4.1 என்று எண்ணாற் குறிக்கப்படும் புரதமும் உள்ளன. ஒரு முடிச்சிற் பெரும்பாலும் ஆறு நூல்கள் கூடுவதால் வலைக்கண் முக்கோணமாயும், ஆறு கண்கள் சேர்ந்து அறுகோணமாயும் அமையும். ஒரு செங்குழியத்தில் ஏறத்தாழ ஒரு இலட்சம் நான்மடிகள் உள்ளன. முதிர்ந்த செங்குழியத்துக்குக் கருவில்லை. அறுந்த நூலுக்குப் பதிலாகப் புதுநூல் நூற்க அதனால் இயலாது. பிறந்தபோது பெற்ற வலையோடு 120 நாளும் ஓடி முடிக்க வேண்டியதுதான்.

இவ்வலை பிறப்பிலேயே குறைவுற்றோருக்கு நேர்வதைக் கொண்டு அதன் பயனை அறியலாம். பரம்பரைக் கோளச் செங்குழிய நோய் என்பதில் ஸ்பெக்ட்ரினோ அங்கிரினோ போதாமையால் மென்சவ்வு சிறிது சிறிதாக உதிர்ந்து, தட்டு உருண்டையாகிவிடும். உருண்டை நெளியாது. மண்ணீரல் அதனைப் பிடித்து அழிக்கும், குருதிச்சோகையும் மஞ்சளும் தோன்றும், மண்ணீரல் வீங்கும். மண்ணீரலை அறுத்து அகற்றினால், குழியம் உருண்டையாகவே இருந்தும் சோகை பெரிதும் நீங்கிவிடும். 1982 இல் இந்நோயாளரிடம் ஸ்பெக்ட்ரின் குறைவைக் கண்டு எழுதியோருள் ஒருவரான பீற்றர் ஆக்ரே, பின்னர் செங்குழிய மென்சவ்விலேயே நீர்க்கால்வாய்ப் புரதத்தைக் கண்டு, 2003 ஆம் ஆண்டின் இரசாயனவியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். கோளச் செங்குழிய நோயாளியின் மண்ணீரலும் மலேரியாப் பிள்ளையின் மண்ணீரலும் ஒரே வகைச் சுமையால் வீங்குகின்றன என்பதே ஈண்டு மனங்கொள்ள வேண்டியது. முன்னதில் வலை பிறப்பிலேயே நலிந்தது; பின்னதில் வந்தேறி ஒன்று வலையைக் கெடுக்கின்றது.

அந்த வந்தேறி எவ்வாறு கெடுக்கின்றது? பல்சிபாரம் வகை ஒட்டுண்ணி செங்குழியத்துட் புகுந்து ஈமோகுளோபினை உண்டு வளர்கின்றது. அத்தோடு நில்லாது, தான் ஆக்கிய புரதங்களைக் குழியத்தின் ஓரத்துக்கு அனுப்புகின்றது. அவற்றுள் ஒன்று ஸ்பெக்ட்ரின் வலையோடு ஒட்டி, குழியத்தின் மேற்பரப்பிற் புடைப்புகளை எழுப்பும். இப்புடைப்புகளாற் குழியம் குருதிக்குழாய்ச் சுவரைப் பற்றிக்கொண்டு மண்ணீரலுக்குச் செல்லாமல் ஒதுங்கும். மூளையின் நுண்குழாய்களில் இது நிகழுமாயின் நோயாளி அறிவிழப்பார். வளர்ந்து பெருகிய ஒட்டுண்ணிகள் வெளியேறும் வேளையில், அவற்றின் நொதியங்கள் ஸ்பெக்ட்ரினையும் அங்கிரினையும் துண்டிக்கின்றன. நுழைந்தபின் வலையை இறுக்குவதும், வெளியேறும்போது அறுப்பதும் ஒட்டுண்ணியின் தந்திரம். ஒட்டுண்ணி முதிர முதிரச் செங்குழியம் தன் நெகிழ்ச்சியை அறவே இழப்பதை 1984 இல் வெளிவந்த ஆய்வொன்று அளந்து காட்டிற்று. நோய் கடுமையாகும்போது ஒட்டுண்ணி புகாத குழியங்களும் விறைப்புறுகின்றன என்பது பின்னர் அறியப்பட்டது. இலங்கையிற் பெரும்பான்மையாயிருந்த விவாக்ஸ் வகையின் நடத்தை வேறு. அது இளங்குழியங்களையே நாடும். தான் புகுந்த குழியத்தை விறைக்கச் செய்யாது மேலும் தளர்த்தும். ஈரலில் உறங்கிக் கிடந்து மாதங்கள் கழித்து மீண்டும் எழும். வன்னியில் ஒரே ஆளுக்கு ஆண்டுதோறும் காய்ச்சல் திரும்பத் திரும்ப வந்தமைக்கு நுளம்போடு இவ்வுறக்கமும் காரணமாகும். இருவகையாலும் நாசமுற்ற குழியங்கள் சென்று சேருமிடம் மண்ணீரலே.

இவ்விளக்கத்தைக் கையிற்கொண்டு வன்னியின் குடியேற்ற வரலாற்றை மீண்டும் நோக்குதல் பொருத்தமுடையது. கனகராயன் ஆற்றை மறித்து இரணைமடுக் குளத்தைக் கட்டும் வேலை 1902 இல் தொடங்கி 1920 இல் முடிவுற்றது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலநெருக்கடிக்கும் வேலையின்மைக்கும் தீர்வாகக் கிளிநொச்சியில் மக்களைக் குடியேற்றும் முயற்சி 1930களில் உருப்பெற்றது. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டம் இத்தகைய முயற்சிகளுக்கு அடிப்படை வகுத்தது. நீர் இருந்தது, நிலம் இருந்தது, சட்டமும் இருந்தது. ஆனால் மாரிக்குப் பின்னர் ஆற்றுப்படுகைகளிலும் குளத்தின் கசிவுநீரிலும் தெளிந்து தேங்கும் குட்டைகள், அனோபிலிஸ் கியூலிசிபேசிஸ் என்னும் நுளம்புக்குத் தகுந்த ஈற்றிடங்களாயிருந்தன. அறுவடைக்கு ஆள் தேவைப்படும் தை, மாசி மாதங்களிலேயே ஆள் பாயிற் கிடந்தான். கொயினாக் குளிசை அவனை எழுப்பிற்றே தவிர அடுத்த மாரியில் மீண்டும் விழாமற் காக்கவில்லை.

1934, 1935 ஆம் ஆண்டுகளில் இலங்கையைத் தாக்கிய பெருமலேரியா ஒரு முரணை வெளிப்படுத்திற்று. ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்ட அக்கொள்ளைநோய் மிகக் கடுமையாக விளங்கியது வன்னியிலன்று. கேகாலை, குருநாகல் பகுதிகளிலே. தென்மேற்குப் பருவமழை பொய்த்து ஆறுகள் குட்டைகளாக வற்றிய அவ்விடங்களில் மக்களிற் பலருக்கு நோயெதிர்ப்பு இல்லை. மண்ணீரல் விகிதம் எங்கு தாழ்ந்திருந்ததோ அங்கே சாவு உயர்ந்தது. வன்னியில் உயிர்தப்பி வளர்ந்தவர்கள் சிறுவயதிலேயே விலை செலுத்தியவர்கள். அவ்விலையின் பற்றுச்சீட்டே வீங்கிய மண்ணீரல். இதனை வன்னியின் நற்பேறு என்று கருதுதல் தவறாகும். எதிர்ப்பைப் பெற்றோர் எண்ணிக்கையிற் புலப்படுகின்றனர். பெறுமுன் மாண்ட குழந்தைகள் பாடசாலை வரிசையில் நிற்கவில்லை.

வெளியிலிருந்து புதிதாக வருபவனின் நிலை யாது? அவன் கேகாலைவாசியை ஒத்தவன். குடாநாட்டில் வன்னியைப் போல மலேரியா நிலைகொண்டிருக்கவில்லை. ஆகவே வன்னிக்குக் குடியேற வந்த யாழ்ப்பாணத்து விவசாயியின் உடல், பழைய வன்னிவாசியின் உடல் கற்ற பாடத்தைக் கற்றிராதது. குடியேறியவர் சோம்பலால் ஓடிவிட்டனர் என்று எழுதப்பட்ட அபிப்பிராயங்கள் சில உண்டு. அவை மீள்பரிசீலனைக்கு உரியவை. காய்ச்சலுக்குப் பின் மண்வெட்டி தூக்க இயலாத ஒருவனின் தளர்ச்சி மனத்தினுடையதன்று. பிராணவாயுவைச் சுமக்கும் குழியங்கள் மண்ணீரலில் அழிந்தமையால் நேர்ந்தது அது.

1945 இன் இறுதியிலும் 1946 இலும் டி.டி.ரி. தெளிப்புத் தொடங்கியபின் நிலைமை விரைந்து மாறிற்று. 1946 இல் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 20 ஆக இருந்த நாட்டின் இறப்பு வீதம் 1947 இல் 14 அளவுக்கு வீழ்ந்தது. இவ்வீழ்ச்சியில் மலேரியா ஒழிப்பின் பங்கு எவ்வளவு என்பது குறித்து 1960களில் ஒரு பெருவிவாதம் நிகழ்ந்தது. பீற்றர் நியூமன் பெரும்பங்கு அதற்கே என்றார், எஸ். ஏ. மீகம முதலியோர் உணவு வழங்கலும் மருத்துவ வசதிகளும் பெற்ற வளர்ச்சியை வலியுறுத்தினர். தேசிய சராசரியைப் பொறுத்தமட்டில் மீகமவின் எச்சரிக்கை நியாயமானதே. ஆனால் வன்னி போன்ற பிரதேசத்துக்கு அவ்விவாதம் பெரிதும் பொருந்தாது. இங்கு இறப்புக் குறைந்தது மட்டுமன்றி, வாழ முடியாத இடம் வாழக்கூடிய இடமாயிற்று. 1963 இல் நாடு முழுவதிலும் பதிவான மலேரியா நோயாளர் 17 பேர் மட்டுமே. காடு திருத்திய குடியேற்றங்கள் நிலைபெற்றதும், வன்னியிற் பிறந்த பிள்ளை பருத்த வயிறின்றி வளர்ந்ததும் இக்காலத்திலேயே.

வெற்றி நிலைக்கவில்லை. தெளிப்பு நிறுத்தப்பட்டது, கண்காணிப்புத் தளர்ந்தது, சேனைச் செய்கைக்கும் இரத்தினக்கல் அகழ்வுக்கும் காடுகளுக்குட் சென்றோர் நோயை ஏந்தி வந்தனர். 1967 முதல் 1969 வரை நாடெங்கும் மலேரியா மீண்டெழுந்து இலட்சக்கணக்கானோரைப் பற்றியது. அமெரிக்க ஆய்வுகூடத்தில் ஸ்பெக்ட்ரின் பிரித்தெடுக்கப்பட்ட 1968 ஆம் ஆண்டு, இலங்கையிற் செங்குழியங்கள் இலட்சக்கணக்கான உடல்களில் மீண்டும் அழியத் தொடங்கிய காலத்தின் நடு ஆண்டாகும். இவ்வொற்றுமையிற் பெரிய பொருள் காண்பது மிகை. இரண்டுக்கும் காரணத் தொடர்பு எதுவுமில்லை. ஆயினும் ஒன்றை மறுக்கவியலாது. செங்குழிய மென்சவ்வு பற்றிய அறிவு பெருகிய பதினைந்தாண்டுகளிலும், அவ்வறிவுக்கு மிகவும் உரிய நிலங்களில் நோயை அளக்கும் வழி பழைய வழியே. விரல்நுனிக் குருதிப்பூச்சும் நுணுக்குக்காட்டியும்தான் அங்கு எட்டிய அறிவியல்.

1977 இல் டி.டி.ரி.க்குப் பதிலாக மலத்தியன் முழுமையாக வந்தது. 1984 இல் குளோரோகுயினுக்கு அடங்காத பல்சிபாரம் முதன்முதல் இலங்கையில் இனங்காணப்பட்டது. இதே காலப்பகுதியில் வன்னிக்கு வேறொரு மக்கட் கூட்டம் வந்து சேர்ந்தது. 1958 இலும், குறிப்பாக 1977 இலும் நிகழ்ந்த இனக்கலவரங்களாற் பாதிப்புற்ற மலையகத் தமிழர் பலர் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களிற் குடியமர்ந்தனர். அனோபிலிஸ் வாழ ஒவ்வாத குளிர்ந்த மலைச்சரிவுகளிலிருந்து வந்த அவர்களுக்கு, காட்டோரத்து ஓலைக்குடிசையில் முதல் மாரி எப்படி முடிந்திருக்கும் என்பதை மேற்கூறியவற்றிலிருந்து ஊகிக்கலாம். சுவரே இல்லாத குடிசையில் மருந்து தெளிப்பதற்கு இடமும் குறைவு.

போர்க்காலம் இந்த நிலையை உச்சத்துக்குக் கொண்டுசென்றது. 1995 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேறிய மக்களுட் பெருந்தொகையினர் கிளாலிக் கடனீரேரி கடந்து வன்னிக்கு வந்தனர். 1996 செப்ரெம்பரிற் கிளிநொச்சி நகரம் படையினர் வசமானபோது, அங்கிருந்தோரும் மேற்கே நகர்ந்தனர். ஸ்கந்தபுரம், அக்கராயன், மல்லாவி போன்ற கிராமங்கள் சில வாரங்களில் நகரத்தின் சுமையைத் தாங்க வேண்டியவையாயின. கிளிநொச்சி மருத்துவமனை அக்கராயன்குளத்திலிருந்து இயங்கியது. மரநிழலிலும் தறப்பாளின் கீழும் இருந்தோரிற் பலர் குடாநாட்டவர், எதிர்ப்பு அற்றவர், போதிய உணவும் இல்லாதவர். மழை வந்ததும் காய்ச்சல் வந்தது. 1999 இல் இலங்கையிற் பதிவான மலேரியா நோயாளர் தொகை 2 இலட்சத்து 64 ஆயிரத்தைத் தாண்டியது. அதிற் பெரும்பங்கு போர் நடந்த மாவட்டங்களுக்கு உரியது. 1930களின் குடியேற்றக்காரர் கண்ட அதே வன்னியை, இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் இடம்பெயர்ந்தோர் மீண்டும் கண்டனர். முன்னவருக்குத் திரும்பிச் செல்ல ஓர் ஊர் இருந்தது என்பதே வேறுபாடு.

எனினும் நோயின் முடிவும் அப்போரின் ஊடாகவே தொடங்கியது என்பது வரலாற்றில் அருகியே காணப்படும் செய்தி. மலேரியா எதிர்ப்பு இயக்கத்தின் பிராந்திய உத்தியோகத்தர்கள் முன்னரங்கின் இருபுறத்திலும் பணிபுரிந்தனர். நடமாடும் சிகிச்சை நிலையங்கள் கிராமங்களுக்குச் சென்றன. மருந்தூட்டிய நுளம்பு வலைகள் விநியோகிக்கப்பட்டன. வீடுகளுக்குள் தெளிப்பு தொடர்ந்தது. 2003 இல் நோயாளர் தொகை பத்தாயிரமளவுக்கு இறங்கியது. 2008 இல் ஆயிரத்துக்கும் குறைந்தது. அவ்வாண்டின் பிற்பகுதியிற் போர் அக்கராயனையும் ஸ்கந்தபுரத்தையும் எட்டியபோது மக்கள் மீண்டும் கிழக்கே இடம்பெயர்ந்தனர். 2009 க்குப் பின் அவர்கள் படிப்படியாக மீள்குடியேறிய வேளையில், 1996 ஐ ஒத்த பெருங்காய்ச்சல் அவர்களை எதிர்கொள்ளவில்லை. நாட்டினுள்ளே தொற்றிய மலேரியா கடைசியாகப் பதிவானது 2012 ஒக்ரோபரில். 2016 செப்ரெம்பர் 5 ஆம் நாள் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது.

நோய் சென்றுவிட்டாலும் அது குருதியில் எழுதிச் சென்றவை எளிதில் அழியா. மலேரியா மிகுந்த நிலங்களிற் செங்குழியத்தின் சில பரம்பரைக் குறைகள் பெருகிக் காணப்படுவதற்கு, அவை ஒட்டுண்ணியிடமிருந்து காப்பளித்தமையே காரணம் என்று 1949 இல் ஜே. பி. எஸ். ஹால்டேன் கருத்துரைத்தார். வாழ்நாளின் இறுதிப் பகுதியை இந்தியாவிற் கழித்து 1964 இற் புவனேசுவரத்தில் மறைந்த அறிஞர் அவர். மலாயா, பப்புவா நியூகினி ஆகிய இடங்களில் மூன்றாம் பட்டைப் புரதத்தில் ஒரு சிறுதுண்டு இல்லாமையால் செங்குழியம் நீள்வட்டமாய் விறைத்திருக்கும் மரபியல்பு காணப்படுகின்றது. ஒட்டுண்ணி அதனுட் புகுவது கடினம். மேற்கு ஆபிரிக்காவில் ஸ்பெக்ட்ரினிலேயே அமைந்த மாற்றங்களால் நீள்வட்டக் குழியமுடையோர் மிகுதி. இலங்கையில் இதற்கு இணையாகக் கூறத்தக்கவை ஈமோகுளோபினைச் சார்ந்த தலசீமியாவும், ஈமோகுளோபின் ஈ வகையுமாகும். குருநாகல் மருத்துவமனையில் மாதந்தோறும் குருதியேற்றக் காத்திருக்கும் பிள்ளைகள், அப்பகுதி மூதாதையர் மலேரியாவோடு நிகழ்த்திய நீண்ட போரின் கடனைச் செலுத்துகின்றனர். ஒட்டுண்ணி நீங்கிய நாட்டில் அக்கடனுக்கு ஈடாகக் கிடைத்த காப்பு இனிப் பயனற்றது.

2016 டிசெம்பரில் மன்னாரில் அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்னும் இந்திய நகர நுளம்பு முதன்முதல் இனங்காணப்பட்டது. கியூலிசிபேசிஸ் ஆற்றுக் குட்டையை நாடுவது. ஸ்டீபன்சியோ கிணற்றிலும் நீர்த்தொட்டியிலும் வளர்வது. பின்னர் யாழ்ப்பாணத்திலும் அது கண்டறியப்பட்டது. வீட்டுக்கு வீடு கிணறுள்ள வடமாகாணத்துக்கு இச்செய்தியின் பொருள் வெளிப்படை. இப்போது மண்ணீரலைத் தொட்டு அளக்கும் ஆய்வுகளுக்கு இடமில்லை. தொட்டறிய வீங்கிய மண்ணீரலும் இல்லை. நோய் நிலவும் நாடுகளிலிருந்து திரும்புவோரின் குருதி பரிசோதிக்கப்படுகின்றது. சாயமிட்ட கண்ணாடித்தட்டில் ஆய்வுகூட உத்தியோகத்தர் ஒவ்வொரு செங்குழியமாகப் பார்த்துச் செல்கின்றார். ஓரம் செறிந்தும் நடு வெளிறியும் தோன்றும் அவ்வட்டங்களுக்குள் மோதிரம் போன்றதொரு நுண்ணுரு உள்ளதா என்பதே அவர் தேடுவது. அவ்வெளிறிய நடுப்பகுதி, ஸ்பெக்ட்ரின் வலை குலையாதிருக்கும் குழியங்களிலேயே அவ்வாறு தெரியும்.